இருவருக்கு ஒரு புத்தகம்

வீட்டில் இரண்டு வயதில் ஒன்றும் ஐந்து வயதில் ஒன்றுமாகக் குழந்தைகள் இருந்தால், படப் புத்தகம் வாங்கப் போகும் பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் யோசனை, சின்னவனுக்கு ஒன்று, பெரியவளுக்கு ஒன்று என்பதுதான். பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் வயதுக் கணக்கும் அதையே சொல்லும். இந்த யோசனை தவறு என்பது என் கட்சி. இருவரையும் இரு பக்கமும் உட்கார வைத்து வாசிக்கப் போகிறோம் என்றால் வயதைப் பார்த்துப் பயனில்லை. எழுத்து சொல்லாத எதையாவது படம் சொல்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். 'ஒரு நாய் ஓடியது' என்று எழுதி, கீழே ஓடும் நாயைப் போட்டிருக்கும் புத்தகத்தில் ஒரு குழந்தைக்குத்தான் இடம் உண்டு. எழுத்தும் படமும் வேறு வேறு சேதி சொன்னால் இரண்டு பேர் இரண்டு வழியாக உள்ளே வரலாம்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று, பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோஸீஸ் வாக்'. மொத்தப் புத்தகமும் ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 32 சொற்கள். ஒரு கோழி முற்றத்தைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரில் ஏறி, உலாவிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூடு திரும்புகிறது. எழுத்தில் இருப்பது அவ்வளவுதான். படத்திலோ ஒரு நரி அதன் பின்னாலேயே வருகிறது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் அடி வாங்குகிறது, குளத்தில் விழுகிறது, மாவில் புதைகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. வாசிக்கும் பெரியவரின் கண் எழுத்தில் இருக்கும். குழந்தைகளின் கண் எங்கே இருக்கும் என்பதைக் கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் ழான் செயின்ட்-ஓபினும் கண்ணசைவை அளந்து 2005இல் வெளியிட்டார்கள்: எழுத்துப் பக்கம் அவர்கள் திரும்புவதே அபூர்வம், பார்வை முழுக்கப் படத்தில்தான். ஆக, நரியை முதலில் கண்டுபிடிப்பது குழந்தைகள்தாம். பெரியவள் அதைத் தம்பிக்குக் காட்டிக் கொடுப்பாள். அவனுக்குக் கோழி நடக்கிறது என்பதே போதும், நரி உபரி. அம்மா அப்பாவுக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரியும் என்கிற பெருமையில் இரண்டு பேரும் ஒரே கட்சி ஆகிவிடுகிறார்கள். உடன்பிறந்தாருக்கு இதைவிடப் பெரிய லாபத்தை ஒரு புத்தகத்திடம் நான் எதிர்பார்ப்பதில்லை.

இந்த உத்தி ஒரு புத்தகத்தோடு நிற்பதில்லை. 1947இல் வந்த 'குட்நைட் மூன்' இரண்டு வயதுக்கான தாலாட்டு என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் கிளெமென்ட் ஹர்ட் வரைந்த அந்த அறை பக்கத்துக்குப் பக்கம் இருண்டுகொண்டே போகிறது, கடிகார முள் ஏழு மணியிலிருந்து நகர்கிறது, ஒரு சுண்டெலி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. மணி பார்க்கக் கற்கும் குழந்தைக்கு அது துப்பறியும் கதை. மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்தில் (1963) சிறுவனின் கற்பனை விரிய விரியப் படத்தின் சட்டம் பெரிதாகி, எழுத்தை ஓரத்துக்குத் தள்ளி, கடைசியில் மூன்று விரிபக்கங்களில் எழுத்தே இல்லாமல் ஆகிவிடுகிறது. அங்கே வாசிப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், குழந்தைகள் ஊளையிடட்டும். நம் ஊரிலும் பஞ்சமில்லை. சென்னை தாரா புக்ஸ் 1997இல் வெளியிட்ட 'டைகர் ஆன் எ ட்ரீ' (அனுஷ்கா ரவிசங்கர் எழுத்து, புலக் பிஸ்வாஸ் படம்) ஒரு புலியைப் பிடித்துவிட்டு என்ன செய்வதென்று திண்டாடும் மனிதர்களைப் பற்றியது. சின்னவனுக்கு எதுகையும் ஓசையும். பெரியவளுக்கு மனிதர்களின் முட்டாள்தனம். அசோக் ராஜகோபாலனின் 'கஜபதி குலபதி' துலிகா பதிப்பகத்தின் தமிழ்ப் பதிப்பாகவே கிடைக்கிறது. ஜலதோஷம் பிடித்த யானை தும்முகிற கதைக்கு வயது வரம்பு ஏது?

சின்னவனுக்குப் புரியாதே என்பார்கள். புரிதல் ஒரே இரவில் நடந்துவிட வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து வரும் கவலை இது. பிரிட்டனில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள்: புதிய சொற்களை அதே எண்ணிக்கையில் கேட்டாலும், வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே கூடுதலாகக் கற்றார்கள். நேற்று வாசித்ததையே இன்றும் கேட்பது சின்னவனின் இயல்பு. பெரியவளுக்குத்தான் அது சலிக்கும். எழுத்துக்கும் படத்துக்கும் இடைவெளி உள்ள புத்தகம் அவளைக் காப்பாற்றுகிறது, ஏனென்றால் ஐந்தாவது முறையும் படத்தில் புதிதாக ஏதாவது அகப்படும். அதற்காக ஒரு பக்கத்தில் நூறு பொருட்களை அடைத்த புத்தகத்தை வாங்கிவிடக் கூடாது. அதே ஹார்ஸ்ட், ஜோயி ஃபிளாக்குடன் செய்த பிற்கால ஆய்வில், விரிபக்கத்தில் இரண்டு படங்களைக் கண்டவர்களைவிட ஒரே படத்தைக் கண்ட குழந்தைகள் அதிகச் சொற்களைப் பிடித்தார்கள். இரண்டு படம் இருந்தாலும் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கையை வீசிக் காட்டியபோது குறை தீர்ந்தது. இருவருக்கு வாசிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்: இரு பக்கமும் பரவிய ஒற்றைப் படம் நல்லது, இல்லையென்றால் விரல் வேலை செய்ய வேண்டும்.

கற்பனைக் கதையே சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம், முதலில் உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்பது கனமான மறுப்பு. மரியா மாண்டிசோரி போன்ற ஒருவர் அந்தப் பக்கம் நிற்கிறார். ஆனால் டீனா வைஸ்பெர்க் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நடைமுறைக் கதைகளைவிடக் கற்பனைக் கதைகளோடு கற்ற சொற்களையே பாலர் பள்ளிக் குழந்தைகள் கூடுதலாக விளக்கிச் சொன்னார்கள். நடக்காததைக் கேட்கும்போது காது கூர்மையாகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பயந்துவிடுவார்கள் என்பது இன்னொரு கவலை. செண்டாக்கின் புத்தகத்தைப் பற்றி உளவியல் அறிஞர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் அப்படித்தான் எழுதினார், புத்தகத்தை வாசிக்காமலேயே. அதே மனிதர் 1976இல் தேவதைக் கதைகளின் பயங்கரம் பிள்ளைகளுக்கு நல்லது என்று தனி நூலே எழுதினார்! அக்கா பக்கத்தில் இருக்கும்போது பூதத்தின் பாதி பலம் போய்விடும் என்பது என் எண்ணம்.

நீதி கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் சிரமம், காரணம் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும் உடை உடுத்திய விலங்குகளோடும் வாசித்துக் காட்டினார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள்தான் பிறகு அதிகமாகப் பகிர்ந்தார்கள். பஞ்சதந்திரத்தில் வளர்ந்த நமக்கு இது கசக்கும். ஒப்புக்கொள்வோம்: பங்கு போடக் கற்பிக்க முயலும் நரியும் உதவாது. ஆனால் அண்ணன் தம்பிச் சண்டையைத் தீர்க்கவென்று கதை வாங்குவதே வீண்வேலை. அப்படிப்பட்ட புத்தகத்தைத் திறந்ததுமே இன்று குற்றவாளிக் கூண்டில் யார் என்று இருவருக்கும் தெரிந்துபோகும். அறிவுரையை வெளிச்சத்தில், வாய்திறந்து சொல்லிவிடலாம். தூங்கும் நேரத்தை அதற்குச் செலவிட வேண்டாம்.

தமிழில் வாசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு. பல புத்தகங்கள் வீட்டுப் பேச்சில் இல்லாத எழுத்து நடையில் இருக்கின்றன. உடனே எல்லாவற்றையும் பேச்சுத் தமிழாக்கி வாசிக்கத் தோன்றும். வேண்டாம் என்பேன். பெற்றோர் பேச்சில் வராத சொற்களைப் படப் புத்தகங்கள் நிறையத் தருகின்றன என்பதை ஜெசிகா மாண்டாக் முதலானோர் 100 ஆங்கிலப் புத்தகங்களை எடுத்து 2015இல் காட்டினார்கள். தமிழில் அந்த இடைவெளி இன்னும் அகலம். கதை சொல்லும் வரியை அச்சிட்டபடியே வாசியுங்கள், படத்தைக் காட்டி விளக்குவதை வீட்டுப் பேச்சில் செய்யுங்கள். திரும்பத் திரும்ப வரும் வரியை மட்டும் ஒருநாளும் மாற்றக் கூடாது. சின்னவன் சேர்ந்து சொல்லக் காத்திருப்பது அந்த வரியில்தான்.

நல்ல படப் புத்தகம் விலை கூடுதல், உண்மைதான். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. கைப்பேசித் திரையிலேயே காட்டிவிடாதீர்கள். ஐந்தங்குலத் திரையை இரண்டு குழந்தைகள் பார்த்தால் புத்தகம் போய்ப் போட்டிதான் மிஞ்சும். கடையிலோ ஜனவரி புத்தகக் காட்சியிலோ வாங்குவதானால் பின்னட்டையைப் படிக்க வேண்டாம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்தைக் கையால் மறைத்துப் படத்தைப் பாருங்கள். பிறகு கையை எடுத்து எழுத்தைப் படியுங்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால் புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். வேறு வேறு சொன்னால், ஆளுக்கொன்று வாங்க வைத்திருந்த பணத்தில் அந்த ஒன்றை வாங்குங்கள்.