துருக்கி மொழியில் உடைமை: இரு சொல்லையும் கவனியுங்கள்

துருக்கி மொழி கற்கத் தொடங்கும் தமிழர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஆறாம் வேற்றுமையில் பாதி நமக்கு எளிது, மறுபாதிக்குத்தான் பயிற்சி வேண்டும்.

'எவ்' என்றால் வீடு. 'பென்ஜெரெ' என்றால் ஜன்னல். வீட்டின் ஜன்னல், 'எவின் பென்ஜெரெசி'. உடையவர் முன்னால், உடைமை பின்னால், நடுவே 'இன்'. ஒலி ஒத்திருப்பது தற்செயல்தான். ஆனாலும் நினைவில் நிறுத்த உதவுகிறது.

தமிழில் இல்லாதது கடைசியில் நிற்கும் 'சி'. உடைமைப் பொருளும் விகுதி ஏற்றாக வேண்டும். அது உயிரில் முடிந்தால் 'சி', மெய்யில் முடிந்தால் 'இ'. அலியின் வீடு, 'அலினின் எவி'. 'அலி' உயிரில் முடிவதால் 'இன்' அங்கே 'னின்' ஆகிறது. தமிழ்ப் பழக்கத்தில் இரண்டாம் விகுதி விட்டுப்போகும். எனவே இரு சொற்களையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

விகுதியின் உயிர், சொல்லின் கடைசி உயிரைப் பொறுத்து நான்கு வகையாக மாறும். 'எவ்' என்பதற்கு 'எவின்'. பள்ளியைக் குறிக்கும் 'ஒகுல்' என்பதற்கு 'ஒகுலுன்'. மற்ற இரண்டு உயிர்களுக்குத் தமிழில் எழுத்தில்லை. அவற்றில் ஒன்று, நாம் 'பாட்டு' என்று பேசும்போது இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரத்துக்கு நெருக்கமானது. குற்றியலுகரம் தெரிந்த நமக்கு அது சிரமமில்லை.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'சொஜுக்' குழந்தை, 'தொக்தொர்' மருத்துவர். 'சொஜுவுன் தொக்தொரு' என்றால் அந்தக் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர். 'சொஜுக் தொக்தொரு' என்றால் குழந்தை நல மருத்துவர். முதல் விகுதி இருந்தால் குறிப்பிட்ட ஒருவரின் உடைமை. இல்லாவிட்டால் பொருளின் வகை. இரண்டாம் விகுதி இரண்டிலும் உண்டு. ஆனால் ஒரு பொருள் எதனால் ஆனது என்று சொல்லும்போது இரண்டுமே வராது: தோல் ஜாக்கெட், வெறும் 'தெரி ஜெகெத்'.

வகைப் பெயரோடு 'என்' சேரும்போது 'உ' போய் 'உம்' வரும்: என் குழந்தை நல மருத்துவர், 'பெனிம் சொஜுக் தொக்தொரும்'. இரண்டு உடைமை விகுதிகளை அடுக்கக் கூடாது.

தொடரை நீட்டுவதும் எளிது. ஆய்ஷேயின் தாயின் வீடு, 'ஆய்ஷெனின் அன்னெசினின் எவி'. நடுவில் நிற்கும் தாய் இரு விகுதிகளையும் ஏற்கிறாள்: ஆய்ஷேக்கு உடைமையாக 'சி', வீட்டுக்கு உடையவளாக 'னின்'. நீண்ட தொடரைப் படிக்கும்போது கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாருங்கள். யாருக்கு எது என்று தெளிவாகும்.

பயிற்சிக்கு இஸ்தான்புல்லின் பெயர்ப் பலகைகளே போதும். கலாத்தா கோபுரம் 'கலாத்தா குலெசி'. இஸ்தான்புல் பல்கலைக்கழகம் 'இஸ்தான்புல் உனிவெர்சிதெசி'. ஓர்ஹான் பாமுக் 2008இல் எழுதிய நாவலின் பெயரையே தாங்கி 2012இல் திறந்த அருங்காட்சியகம் 'மசூமியெத் மூஸெசி'. இடப் பெயர்களில் 'சி' கண்ணில் பட்டதும் அதை எடுத்துவிட்டு மூலச் சொல்லைக் கண்டுபிடியுங்கள்: குலெ, உனிவெர்சிதெ, மூஸெ. அகராதியில் அந்த வடிவம்தான் இருக்கும்.

பிறகு அதே பெயர்களோடு வேற்றுமை உருபைச் சேருங்கள். கலாத்தா கோபுரத்துக்கு, 'கலாத்தா குலெசினெ'. இடையில் ஒரு 'ன்' தோன்றும். வழி கேட்கவும் டிக்கெட் எடுக்கவும் நாள்தோறும் தேவைப்படும் வடிவம் இது. இலக்கண அட்டவணையை மனப்பாடம் செய்வதற்கு முன், நீங்கள் போக விரும்பும் ஐந்து இடங்களின் பெயரை இப்படிச் சொல்லிப் பழகுங்கள்.