கரண்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது?

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்ட நம் சங்க அன்பர்கள் பலருக்கு ஒரு மனக்குறை: "வெயில் கொளுத்துகிறது, கரண்ட் போனால் மட்டும் மின்விசிறி சுற்றுவதில்லையே!"

இது பழுதல்ல, பாதுகாப்பு. தெரு லைனுடன் இணைந்த இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். இல்லையேல் நம் வீட்டு மின்சாரம் தெருக் கம்பியில் பாய்ந்து, பழுது பார்க்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்தாகும். ரயில்வேயில் 25,000 வோல்ட் கம்பியை, சப்ளையை நிறுத்தினாலும், இருபுறமும் எர்த் செய்யாமல் தொடமாட்டோம். காரணம் ஒன்றே.

2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தது. மானியத்தை மட்டும் பார்க்காதீர்கள். மின்தடையிலும் விளக்கெரிய வேண்டுமெனில், பேட்டரியுடன் ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை, செலவு கூடும். கையெழுத்திடுமுன் இதைக் கேட்டுத் தெளியுங்கள்.