எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து போன் வந்தால்... வரி வசூலிக்கும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

குரூப் 4 எழுதி பில் கலெக்டராக நகராட்சிக்குள் வந்து, இப்போது ஆர்.ஐ., ஆர்.ஓ. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சிக்கு இதை எழுதுகிறேன். கவுன்சிலர்களைச் சமாளிக்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தினமும் கவுன்டர் முன்னால் வந்து நிற்கிறவர்கள்தானே! எம்.எல்.ஏ. விஷயம் வேறு. அவர் நகராட்சிப் பக்கம் அபூர்வமாகத்தான் வருவார். அதனாலேயே நம் ஆட்கள் அவரை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள்: ஒன்று பயந்து ஒதுங்குவது, இல்லையென்றால் போய் ஒட்டிக்கொள்வது. இரண்டுமே உனக்கு வேண்டாம்.

முதலில், அவரோடு உனக்கு என்ன சம்பந்தம் என்பது தெளிவாகட்டும். சொத்து வரியை நகரமன்றம் தீர்மானம் போட்டு வசூலிக்கிறது, சரி. அந்த அதிகாரத்தை நகரமன்றத்துக்குக் கொடுப்பது மாநிலச் சட்டசபை; அரசியலமைப்புச் சட்டத்தின் 243எக்ஸ் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நீ தினமும் புரட்டுகிற தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ல் அந்தச் சபையில் நிறைவேறி, வருஷக்கணக்கில் கிடப்பில் இருந்து, 2023-ல்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. ஆகவே 234 பேரில் ஒருவரான உன் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு வரி எப்படிப் போடப்படுகிறது என்று புரிந்திருப்பது உனக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. அவர் கையில் இல்லாததும் உண்டு. தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் பார்லிமென்ட்தான். அவரிடம் போய் அதைப் பற்றிப் புலம்பி என்ன பயன்?

நல்லுறவு என்றதும் சால்வை, ஸ்வீட் பாக்ஸ் என்று உன் மனசு போக வேண்டாம். எம்.எல்.ஏ.வுக்கு வரித் துறையிலிருந்து நிஜமாகத் தேவைப்படுவது ஒன்றே ஒன்று: தெருவில் நாலு பேர் மறித்துக் கேட்கும்போது தடுமாறாமல் சொல்வதற்கு ஒரு சரியான பதில். அதைக் கொடுக்கிற ஆள் நீதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

2018-லிருந்து நடந்ததைப் பார். அந்த வருஷம் ஜூலையில் சொத்து வரியை உயர்த்தினார்கள். ஊரெல்லாம் கூச்சல். 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, பழைய வரியே போதும், கூடுதலாகக் கட்டியதை அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். முந்தின நாள் வரை கறாராக வசூலித்த பில் கலெக்டர் மறுநாள் அதே வீட்டு வாசலில் போய் வேறு கதை சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் புது உயர்வு அறிவிப்பு. 15-வது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமென்றால், மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாகச் சொத்து வரி வசூலும் வளர வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இந்தக் காரணம் செய்தித்தாளில் வந்தது. டீக்கடை வரைக்கும் வந்து சேரவில்லை. டீக்கடைக்கு வந்தது ‘150 சதவீதம் ஏத்திட்டாங்களாம்’ என்ற ஒரே வரிதான்.

அந்த மாதிரி நேரத்தில் எம்.எல்.ஏ. மேஜையில் ஒரே ஒரு தாள் இருக்க வேண்டும். சுற்றறிக்கையின் ஜெராக்ஸைச் சொல்லவில்லை, அதை யாரும் படிப்பதில்லை. இப்படி ஒரு தாள்: “நம் ஊரில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கு 100. 150 சதவீதம் என்பது சென்னையின் பழைய பகுதிகளுக்கு, நமக்கு இல்லை.” அதற்குக் கீழே ஒரு கணக்கு: “580 சதுர அடி வீடு, அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தால் இனி 500.” சதவீதம் கேட்டால் மனுஷனுக்குப் பயம் வரும், ரூபாயில் சொன்னால் யோசிப்பான். எம்.எல்.ஏ.வும் மனுஷன்தான். அந்தத் தாளை அவர் உயர்வை ஆதரித்துப் பேசவும் பயன்படுத்தலாம், எதிர்த்துப் பேசவும் பயன்படுத்தலாம். அது அவர் பாடு. கணக்கு சரியாக இருப்பது மட்டும்தான் உன் பாடு.

இந்தத் தாளைக் கொடுக்கும் வழியும் முக்கியம். கமிஷனர் மூலமாகத்தான் போக வேண்டும், அவர் கூட இருக்க வேண்டும். தேர்தல் முடிந்து புது எம்.எல்.ஏ. வந்ததும் மரியாதை நிமித்தம் பார்க்கக் கமிஷனர் எப்படியும் போவார். அப்போது கோப்போடு நீயும் போ. தனியாகப் போகாதே. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னால், “நாளைக்குக் காலையில கமிஷனர் சாரோட ஆபீஸுக்கு வர்றோம் சார்” என்று சொல்லப் பழகு. கூட ஒரு ஆர்.ஐ.யையாவது கூட்டிக்கொண்டு போ. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலையின் பேச்சு வேலை நேரத்தில், சாட்சி வைத்து நடக்கட்டும்.

எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பாய். ‘சார்’, ‘மேடம்’, கொஞ்சம் வயதானவர் என்றால் ‘ஐயா’. அத்தோடு நிறுத்திக்கொள். சுற்றி நிற்கிற கட்சிக்காரர்கள் ‘அண்ணே’ என்பார்கள், ‘தலைவரே’ என்பார்கள். நீயும் ஒரு நாள் வாய் தவறி ‘அண்ணே’ என்று விட்டால், அடுத்த வாரமே அண்ணன் உரிமையில் ஒரு சிபாரிசு வந்து நிற்கும். புத்தாண்டு அன்று கமிஷனரோடு போய் எலுமிச்சம்பழம் கொடுக்கிறாயா, கொடு. அதற்கு மேல் தீபாவளிப் பை, கட்சி மேடை, கூட நின்று எடுத்த செல்ஃபியை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடுவது எதுவும் ஆகாது. முக்கியமாக, உன் டிரான்ஸ்ஃபருக்காக அவரிடம் வாய் திறக்காதே. பணி விஷயத்துக்கு அரசியல் செல்வாக்கைத் தேடக் கூடாது என்று நடத்தை விதியே இருக்கிறது. விதியை விடு; நீ ஒரு உதவி கேட்ட மறுநாளிலிருந்து அவரிடம் ‘முடியாது சார்’ சொல்லும் தெம்பு உனக்கு இருக்காது.

பி.ஏ.வை மறக்காதே. எம்.எல்.ஏ.வைவிட உன்னிடம் அதிகம் பேசப்போவது அவர்தான். அவருக்கு உன் நம்பர் தெரிந்திருக்கட்டும், நீயும் அவர் போனை எடு. ஆறு தடவை ரிங் போய் எடுக்காமல் விட்டால், ‘அந்தம்மா மதிக்கவே மாட்டேங்குது’ என்றுதான் உள்ளே செய்தி போகும். மீட்டிங்கில் இருந்தால் ஒரு வரி மெசேஜ் தட்டு. ஆனால் எவருடைய வரி நிலுவை விவரத்தையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதே. ‘அந்த ஆஸ்பத்திரிக்காரர் எவ்வளவு பாக்கி வச்சிருக்கார்?’ என்பது சாதாரணக் கேள்வி மாதிரி வரும். அது அடுத்த தேர்தல் மேடையில் எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்? கேள்வி கடிதமாக வரட்டும், கமிஷனர் கையெழுத்தோடு பதில் போகட்டும்.

அடுத்தது மனுக்கள். எம்.எல்.ஏ.வின் லெட்டர்பேடில் வருகிற மனுக்களில் பெரும்பாலானவை நியாயமானவை. புருஷன் இறந்து பல வருஷமாகியும் வரி அவர் பெயரிலேயே இருக்கிறது, வங்கியில் லோன் கேட்டால் பெயர் மாற்றம் கேட்கிறார்கள் என்று ஒரு பாட்டி போயிருப்பார். நம் கவுன்டரில் யாரோ ‘பேப்பர் பத்தாது’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், என்ன பேப்பர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மாதிரி மனு வந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடு. வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசி ரசீது என்று தேவையானதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடு. முடித்ததும் பி.ஏ.வுக்கு ‘முடிந்தது’ என்று ஒரு வரி. இப்படி நியாயமானதை வேகமாக முடித்துக் கொடுத்தால்தான், நியாயமில்லாததற்கு நீ இல்லை என்று சொல்லும்போது அது எடுபடும்.

அந்த நாளும் வரும். கல்யாண மண்டபத்துக்குக் குடியிருப்புக் கணக்கில் வரி போடச் சொல்லி ஒரு போன் வரும். ‘விதியில இடமில்ல சார்’ என்று மொட்டையாகச் சொல்லி வைத்துவிடாதே, அது அவரை நாலு பேர் முன்னால் கைவிட்ட மாதிரி. இப்படிச் சொல்லிப் பார்: “நாளைக்கு நானே நேர்ல போய் அளந்து பார்க்கறேன் சார். அளவு தப்பா இருந்தா குறைச்சுக் குறிப்பு வைக்கிறேன். சரியா இருந்தா, அவர் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு மனு கொடுக்கலாம், அதுக்கு வழி நான் சொல்றேன்.” எம்.எல்.ஏ.வுக்கு வேண்டியது பெரும்பாலும் மண்டபக்காரரிடம் திருப்பிச் சொல்ல ஒரு கௌரவமான பதில். அதைக் கொடுத்துவிட்டாய். சொன்னபடி போய் அள. டேப் பிடித்த தேதி, கூட வந்தவர் பெயர், அளவு எல்லாம் கோப்பில் ஏறட்டும். போன் வந்ததையும் கமிஷனரிடம் அன்றே சொல்லிவிடு. ‘வாய்மொழியா சொன்னாங்க’ என்று தணிக்கையில் சொல்லித் தப்பித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

எண்கள் பற்றி இன்னும் கொஞ்சம். உன்னிடம் டி.சி.பி. இருக்கிறது, கேட்பு, வசூல், நிலுவை எல்லாம் வார்டு வாரியாக இருக்கும். எம்.எல்.ஏ.வுக்கு வார்டு புரியும், ஆனால் அவர் யோசிப்பது தொகுதியாக. தொகுதிக்குள் உன் நகராட்சி, பக்கத்தில் இரண்டு பேரூராட்சி, சுற்றிலும் ஊராட்சிகள் இருக்கலாம். கிராமத்து வீட்டு வரி 1994-ன் ஊராட்சிகள் சட்டத்தில் வருகிறது, அது பி.டி.ஓ. பக்கம். ‘அது எங்க லிமிட் இல்ல சார்’ என்று கழன்றுகொள்வதைவிட, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறவள் மேல் அவருக்கு மதிப்பு வரும். பேரூராட்சியில் உனக்குச் சமமான பதவியில் இருக்கிறவரோடு பேசி, ஒரே வடிவத்தில் தாள் தயாரித்தால் இன்னும் நல்லது.

நூலக வரியையும் அந்தத் தாளில் ஒரு வரியாகச் சேர். 1948-ன் நூலகச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்குப் போக வேண்டும். நூலகத் திறப்பு விழாவில் யாராவது எம்.எல்.ஏ. காதில், ‘நகராட்சி பாக்கி வச்சிருக்கு’ என்று போட்டுவிடுவார்கள். எவ்வளவு வசூல், எவ்வளவு அனுப்பினோம், கடைசியாக எந்தத் தேதியில் என்று உன் தாளில் முன்பே இருந்தால் அந்த மேடையில் உன் கமிஷனர் தலை குனிய வேண்டியதில்லை.

சட்டசபை கூடும் காலத்தில், குறிப்பாக நகராட்சி நிர்வாகத் துறையின் மானியக் கோரிக்கை நெருங்கும்போது, சென்னையிலிருந்து ‘உடனடி’ என்று சிவப்பில் எழுதி மெயில் வரும். மாலைக்குள் விவரம் வேண்டும் என்பார்கள். மேலே போகிற எண்ணும் முன்பு எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தேதி மாறியதால் எண் மாறியிருந்தால், எந்தத் தேதி நிலவரம் என்று இரண்டிலும் எழுது. ‘28.2 நிலவரப்படி’ என்ற இரண்டு சொல் இல்லாததால், அமைச்சர் ஒரு எண்ணும் உறுப்பினர் ஒரு எண்ணும் சொல்லி நின்றால் விளக்கம் கேட்டு மெமோ வருவது உனக்குத்தான். சபையின் மனுக்கள் குழுவோ உறுதிமொழிக் குழுவோ மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போதும் இதே தாள்தான் கை கொடுக்கும்.

ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்த்துத் தாளின் கனம் மாறக் கூடாது. ஒரே தாள், ஒரே நாள். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு விவரம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கமிஷனர் ஒப்புதலோடு எல்லாருக்கும் ஒரே மாதிரி போகிற தாளுக்கு யார் கோபித்துக்கொள்ள முடியும்? தேர்தல் அறிவிப்பு வந்த நிமிஷத்திலிருந்து முடிவு வரும்வரை மட்டும் இந்தப் போக்குவரத்தையெல்லாம் நிறுத்திவை.

நீ அவரிடம் கேட்கக் கூடியதும் இருக்கிறது, ஊருக்காகத்தான். ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் அரையாண்டு வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. இது பாதிப் பேருக்குத் தெரியாது. நாம் ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றினால் அதைக் கேட்பவர்களைவிட, ரேஷன் கடைத் திறப்பு விழாவில் எம்.எல்.ஏ. ஒரு வாக்கியம் சொன்னால் கேட்பவர்கள் அதிகம். எழுதிக் கொடு, சொல்லுவார். அரசுக் கட்டடங்களிலிருந்து நமக்கு வர வேண்டிய பாக்கியை வாங்கித் தரவும் கேட்கலாம். துறைக்குத் துறை நாம் எழுதுகிற கடிதத்தைவிட ஆய்வுக் கூட்டத்தில் அவர் கேட்கிற ஒரு கேள்விக்கு வேகம் அதிகம். ஆள் பற்றாக்குறை, சம்பளப் பிரச்சினை போன்றவற்றை உன் வாயால் சொல்லாதே, சங்கம் பார்த்துக்கொள்ளும்.

மாறுதல் உத்தரவு வந்தால் இந்தத் தாள்களெல்லாம் இருக்கிற கோப்பைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போகாதே. பின்னால் வருகிறவரிடம் பக்க எண் போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடு. பி.ஏ.வுக்கு ஒரு போன் போட்டு, “இனிமே இவங்கதான் சார், நம்பர் அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பு.