இருளில் வழி அறியும் மகரந்தக் குழாய்

மக்காச்சோளக் கதிரின் உச்சியில் பட்டுநூல் போன்ற இழைகள் கற்றையாகத் தொங்குவதைக் காணலாம். ஒவ்வோர் இழையும் கதிரினுள் இருக்கும் ஒரு சூலோடு இணைந்துள்ளது. இழையின்மேல் விழும் மகரந்தத்தூளிலிருந்து ஆண் செல்கள் அச்சூலைச் சென்றடைந்தால்தான் அங்கே மணி பிடிக்கும். இல்லையேல் அவ்விடம் வெறுமையாகவே நின்றுவிடும்.

பூக்கும் தாவரங்களின் ஆண் செல்கள் தாமே நீந்திச் செல்லும் ஆற்றல் அற்றவை. ஆகவே, சூல்முடியில் ஒட்டிய மகரந்தத்தூள் ஈரத்தை உறிஞ்சி முளைத்து, மெல்லிய குழாய் ஒன்றை வளர்க்கிறது. இரண்டு ஆண் செல்களைச் சுமந்து செல்வது இக்குழாயே. இத்தாலிய அறிஞர் அமீச்சி, 1820களில் பருப்புக்கீரைப் பூவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது இதனைக் கண்டார். மக்காச்சோளத்தில் இக்குழாய் ஒரு மணிநேரத்தில் 1 சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது.

குழாய் தன் நுனியில் மட்டுமே வளர்கிறது. நுனியில் கால்சியம் அயனிகள் மிகுந்தும், அதன் பின்பகுதியில் குறைந்தும் காணப்படுகின்றன. செல்சுவருக்கு வேண்டிய பொருள்களை நுண்பைகள் நுனிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நுனியின் ஒரு பக்கத்தில் கால்சியம் மிகுமாயின், குழாய் அப்பக்கமாக வளைகிறது. எனவே, கால்சியம் அக்குழாய்க்குச் சுக்கான் போல் அமைகிறது.

அச்சுக்கானைத் திருப்புவது எது? தில்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரியும் அவருடன் பணியாற்றியோரும், 1962இல் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயில் வைத்து, அவற்றின்மீதே மகரந்தத்தைத் தூவினர். சூல்முடியும் சூல்தண்டும் இன்றியே கருவுறுதல் நிகழ்ந்து விதைகள் உருவாயின. சூல்தண்டு அமைத்துத் தரும் பாதை இல்லாமலும் குழாய் சூலை அடையவல்லது என்பது புலனாயிற்று.

விடையின் அடுத்த பகுதி ஜப்பானில் கிடைத்தது. டொரீனியா என்னும் பூச்செடியில் கருப்பை சூலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதனால் அதன் செல்களைத் தெளிவாகக் காண இயலும். ஹிகாஷியாமா என்னும் அறிஞரின் குழுவினர் லேசர் கதிரால் அச்செல்களை ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தனர். முட்டை செல்லை அழித்தபோதும் குழாய்கள் சூலை நாடி வந்தன. அதன் அருகில் உள்ள துணைச் செல்கள் இரண்டையும் அழித்தபோதோ ஒரு குழாயும் வரவில்லை. இம்முடிவு 2001இல் வெளியாயிற்று. துணைச் செல்கள் சுரக்கும் சிறு புரதங்களே குழாயை ஈர்க்கின்றன என்பதை அக்குழுவினர் 2009இல் கண்டறிந்தனர். குழாய் நுனியின் சவ்வில் உள்ள ஏற்பிப் புரதங்கள் இச்சமிக்ஞையை ஏற்று, வளரும் திசையை மாற்றுகின்றன.

சூலை அடைந்த குழாய், துணைச் செல்களுள் ஒன்றில் நுழைந்து வெடித்து, ஆண் செல்களை விடுவிக்கிறது. ஏற்ற துணைச் செல்லும் அப்போது அழிகிறது. கருவுறுதல் நிறைவேறியதும் அழைப்பு நின்றுவிடும். அது நிறைவேறாதபோது, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில், எஞ்சிய துணைச் செல் மற்றொரு குழாயை அழைக்கிறது. விதை உண்டாவதற்கு இரண்டாம் வாய்ப்பு இவ்வாறு கிட்டுகிறது.

நெல், கோதுமை, துவரை ஆகிய பயிர்களின் விளைச்சலும் இத்தகைய பயணத்தையே சார்ந்துள்ளது. கடும் வெப்பத்தில் மகரந்தம் நலிவுற்றால், செடி செழித்திருந்தும் மணி பிடிப்பது குறையும். ஆகவே, பயிர் ஆய்வாளர்கள் பூக்கும் பருவத்தைக் கருத்துடன் நோக்குகின்றனர்.

அருஞ்சொற்பொருள்
சுக்கான் – படகைத் திருப்பும் கருவி
சமிக்ஞை – குறிப்பால் உணர்த்தும் அடையாளம்
நாடி – விரும்பித் தேடி
நலிவுற்றால் – வலிமை குன்றினால்

பயிற்சி வினாக்கள்
1. மகரந்தத்தூள் குழாயை வளர்ப்பது ஏன்?
2. கால்சியத்தைச் சுக்கானுக்கு ஒப்பிடுவதன் பொருத்தத்தை விளக்குக.
3. 1962ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்திய உண்மை யாது?
4. பிரித்து எழுதுக: அச்சூலை, ஒவ்வோர், அப்பக்கம்.
5. துணைச் செல்கள் இரண்டாக இருப்பதால் விளையும் நன்மையை ஐந்து வரிகளில் எழுதுக.