குளோரினும் குற்றவாளியின் பெயரும்

வல்லரசுகளின் மறைவான ஆலைகளில் மட்டுமே இரசாயன ஆயுதம் உருவாகிறது என்பது பரவலான நம்பிக்கை. பதுளையிலிருந்து பிபிலை வழியாகக் கிழக்கே இறங்கும் நெடுஞ்சாலை முடிவடையும் செங்கலடிக்குச் சற்று வடக்கேயுள்ள கிரான் அதைப் பொய்யாக்குகிறது. 1990 ஜூனில் அங்கிருந்த இராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைப் பயன்படுத்தியதாக ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். காகிதக் கூழை வெளுக்கவும் குடிநீரைச் சுத்திகரிக்கவும் உதவும் அதே குளோரின்தான் அது. 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கை பொருளின் பெயரைவிட அதைக் கையாளும் நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. தோட்டங்களில் மருந்தடிப்போர் அஞ்சும் சேதனப் பொசுபேற்றுகளும், அதாவது நரம்புகளைத் தாக்கும் பொஸ்பரஸ் சேர்மங்களும், இதற்குச் சான்று: 1936இல் ஜெர்மனியில் பூச்சிகொல்லி தேடிய ஆய்வில்தான் தபுன் என்னும் நரம்பு நஞ்சு பிறந்தது.

நிபுணர் குழு வந்தால் குற்றவாளி தெரிந்துவிடும் என்பது இதைவிட ஆழமாக வேரோடிய நம்பிக்கை. 2013 ஆகஸ்டில் சிரியாவின் கூத்தாவில் சரின் நஞ்சு பாவிக்கப்பட்டதை ஐ.நா. குழு உறுதிசெய்தபோதும், பாவித்தவர் யார் எனக் கூறும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. 2015இல் பாதுகாப்புச் சபை அமைத்த கூட்டு விசாரணைப் பொறிமுறைக்கு அவ்வதிகாரம் இருந்தது. சிரியாவின் கான் ஷெய்கூனில் நடந்த தாக்குதலில் கிடைத்த சரின், சிரிய அரசின் பழைய கையிருப்பிலிருந்த மூலப்பொருளைக் கொண்டே பெரும்பாலும் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என மாசுக்கூறுகளை ஒப்பிட்டு அது கண்டறிந்தது. ஆனால் 2017இல் ரஷ்யாவின் வீட்டோவால் அதன் ஆயுள் முடிந்தது. 2018 ஜூன் 27இல் ஹேக் நகரில், இரசாயன ஆயுதத் தடை அமைப்பின் உறுப்புநாடுகள் 82க்கு 24 என்ற வாக்குகளால் பொறுப்பாளியை அடையாளம் காணும் பணியைத் தம் அமைப்பிடமே ஒப்படைத்தன. வீட்டோவின் பிடிக்கு வெளியே அப்பணியைக் கொண்டுசென்றதே இம்முடிவின் பெருமதிப்பு.

பெயர் சொல்வது தண்டனையன்று. அப்பணிக்கென அவ்வமைப்பு நிறுவிய குழு நீதிமன்றமும் அன்று. 2021இல் அவ்வமைப்பில் சிரியாவின் வாக்குரிமை உள்ளிட்ட சில உரிமைகள் நிறுத்தப்பட்டன, அவ்வளவே. அரசுகளை மட்டுமே சுட்ட முடியும் என்பதும் தவறு: 2015இல் சிரியாவின் மாரியாவில் கடுகு வாயுவைப் பாவித்தது இஸ்லாமிய அரசு என்னும் இயக்கமே என 2024இல் அக்குழு அறிவித்தது.

ஐ.நா. செயலாளர் நாயகம் விசாரணைக்கு ஆளனுப்பும் ஏற்பாடு கிரான் தாக்குதல் நடந்த 1990இலேயே இருந்தபோதும், உறுப்புநாடு கேட்டால்தான் அது இயங்கும். 1992இல் மொசாம்பிக்குக்கும் அசர்பைஜானுக்கும் அத்தகைய குழுக்கள் சென்றன. கிரானில் மூச்சுத்திணறியவர்களைத் தேடி எந்தக் குழுவும் வரவில்லை.