கழற்றலும் கழற்றுவித்தலும்: கம்பம் பள்ளத்தாக்கின் வழிபாட்டு மரபில் காலணி நீக்கம்

ஆய்வுச் சுருக்கம்

புனித இடங்களில் காலணியை நீக்குதல் தமிழகச் சமயங்கள் அனைத்துக்கும் பொதுவான மரியாதைச் செயலாகும். இதே செயல் சாதித் தெருக்களில் ஒடுக்குமுறைக் கருவியாகவும் இருந்துள்ளது. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் வழிபாட்டிடங்களைக் களமாகக் கொண்டு, காலணி நீக்கத்திற்குக் கூறப்படும் காரணங்களை இக்கட்டுரை சோதிக்கிறது. வழிபாட்டு நீக்கத்தையும் வற்புறுத்தப்பட்ட நீக்கத்தையும் பிரித்தறிவதற்கான அளவுகோல்களையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: காலணி, தொடுதோல், கண்ணப்பர், மாலையணிதல், தீண்டாமை, கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில், குச்சனூர் சனீசுவரர் கோயில், சின்னமனூர் பூலாநந்தீசுவரர் கோயில், உத்தமபாளையம் திருக்காளாத்தீசுவரர் கோயில், கம்பராயப் பெருமாள் கோயில் ஆகியவை முல்லைப் பெரியாற்றுப் படுகையின் குறிப்பிடத்தக்க வழிபாட்டிடங்கள். இவற்றோடு பள்ளிவாசல்களும் கத்தோலிக்கத் தேவாலயங்களும் இப்பள்ளத்தாக்கில் உள்ளன. சமயத்தால் வேறுபட்ட இவ்விடங்களை இணைக்கும் செயல் வாயிலில் காலணியை விடுவதாகும்.

இச்செயலுக்கு மூன்று காரணங்கள் பொதுவாகக் கூறப்படுகின்றன. தோல் தூய்மையற்றது என்பது முதலாவது. தெய்வத்தின் முன் பணிவு காட்ட வேண்டும் என்பது இரண்டாவது. நிலமே புனிதமானது, அதனைப் பாதம் நேரடியாகத் தொட வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றுள் எது பள்ளத்தாக்கின் நடைமுறைகளை முழுமையாக விளக்குகிறது என்பதே இக்கட்டுரையின் முதல் வினா.

தொன்மைச் சான்று

சங்க இலக்கியத்தில் காலணி இழிபொருளாகக் காட்டப்படவில்லை. பெரும்பாணாற்றுப்படை வணிகரின் காலணியைப் பாதத்தை மறைத்துக் காக்கும் அரண் என்னும் பொருளில் குறிக்கிறது. அதே நூல் ஆயனின் காலணியைத் 'தொடுதோல்' என்கிறது. அகநானூற்றில் கானவனுக்கும் அச்சொல் அடையாக வருகிறது. வழிநடை, மேய்ச்சல், வேட்டை ஆகிய தொழில்களின் அடையாளமாகவே காலணி இவ்விடங்களில் அமைகிறது. தோலால் ஆனது என்னும் செய்தி பெயரிலேயே வெளிப்பட நின்றும், அதில் இழிவுக் குறிப்பு ஏதுமில்லை. ஆகவே தோலின் தூய்மையின்மை என்னும் கருத்தைத் தமிழ் மரபின் தொடக்கத்திலேயே நிலைபெற்றதாகக் கொள்வதற்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை.

தூய்மைக் கொள்கையின் எல்லை

தூய்மைக் கொள்கைக்கு மிகவும் பொருந்துவதாகத் தோன்றும் இடம் கம்பத்திலுள்ள தம்பிரான் மாட்டுத்தொழு. இங்கு உயிருள்ள காளையும் பசுக்களும் வழிபடப்படுகின்றன. மாட்டுப்பொங்கலன்று திரளான மக்கள் கூடுகின்றனர். மாடே தெய்வமாக நிற்கும் இடத்திற்கு மாட்டுத்தோலை அணிந்து செல்வது முரண் என்று எளிதில் விளக்கம் கூறிவிடலாம். ஆனால் இன்று அணியப்படும் காலணிகளுள் பெரும்பகுதி இரப்பராலும் நெகிழியாலும் ஆனவை. அவையும் எல்லாக் கோயில் வாயில்களிலும் கழற்றப்படுகின்றன. அதேவேளையில் தோலால் ஆன மத்தளமும் பறையும் வழிபாட்டின் உறுப்புகளாக உள்ளன. தோல் என்பதே காரணமாயின் முன்னது தேவையற்றதாகும், பின்னது தடைக்குரியதாகும். எனவே விலக்கப்படுவது தோல் என்னும் பொருளன்று. தெருவின் நடையைத் தாங்கிவரும் காலணியின் பயன்பாடே விலக்கப்படுகிறது எனக் கொள்வது பொருத்தமாகும்.

தூய்மைக் கொள்கைக்கு வலிமையான மறுப்பு சைவ மரபின் உள்ளிருந்தே வருகிறது. உத்தமபாளையம் கோயில் 'தென்காளத்தி' எனப் போற்றப்படுகிறது. மூலத் தலமாகிய காளத்தியோடு பிரிக்கவியலாத அடியவர் கண்ணப்பர். அவர் சிவலிங்கத்தின் மீதிருந்த மலர்களைச் செருப்பணிந்த காலால் நீக்கினார் என்றும், தம் கண்ணை அப்ப இடமறிவதற்காக இறைவனின் கண்ணில் காலை ஊன்றினார் என்றும் பெரியபுராணம் உரைக்கிறது. சேக்கிழாருக்கு முற்பட்ட மாணிக்கவாசகரும் திருத்தோணோக்கத்தில் அச்செருப்படியை எடுத்துரைத்துள்ளார். இந்நிகழ்வை மறைக்கவோ மென்மைப்படுத்தவோ சைவ நூலோர் முயலவில்லை. ஆகம நெறி வழுவாத சிவகோசரியாரின் பூசையைவிட இவ்வேடுவரின் அன்பே மேலானது என்பதை நிறுவும் சான்றாகச் செருப்பே அமைகிறது. ஆயினும் கண்ணப்பரைப் போற்றும் அடியவர் காலணியுடன் கோயிலுக்குள் செல்வதில்லை. கண்ணப்பரின் செயல் விதியை நீக்கவில்லை. விதியைவிட அன்பு பெரிது என்பதை நினைவூட்டுகிறது. விதிக்கும் விலக்கிற்கும் பொதுவாக இருப்பது செய்பவரின் உள்ளக் கருத்து.

காலணியே வழிபாட்டுப் பொருளாதல்

வைணவத்தில் இராமனின் பாதுகை அரியணை ஏறுகிறது. பெருமாள் கோயில்களில் திருவடி பொறித்த சடாரி அடியவரின் தலைமேல் வைக்கப்படுகிறது. நாட்டார் மரபில் தென்மாவட்டங்களின் சாமியாடிகள் ஆணிகள் பதித்த பாதக்குறட்டின் மீது நின்று அருள்வாக்குக் கூறுகின்றனர். வேட்டைக்கும் காவலுக்கும் உரிய கருப்பசாமிக்குச் செருப்பைக் காணிக்கையாக அளிக்கும் வழக்கமும் உண்டு. தெய்வத்தின் கால் காலணி அணிகிறது. வழிபடுபவரின் கால் வெறுமையாகிறது. காலணி தன்னளவில் இழிந்த பொருளாயின் இம்மாற்றம் நிகழ வழியில்லை. யார் அணிகிறார், யார் நீக்குகிறார் என்னும் உறவே அதற்குப் பொருள் தருகிறது.

இடமும் காலமும்

மூன்றாவது காரணமாகிய நிலத்தின் புனிதம் பிற சமயங்களிலும் காணப்படுகிறது. எரியும் முட்செடியின் முன் மோசே மிதியடியைக் கழற்றிய செய்தி விவிலியத்தின் யாத்திராகமத்தில் உள்ளது. அதே நிகழ்ச்சி குர்ஆனின் 'தாஹா' அத்தியாயத்திலும் இடம்பெறுகிறது. இரண்டிலும் கட்டளைக்குக் கூறப்படும் காரணம் நின்ற இடத்தின் புனிதமேயாகும். ஆயினும் ஐரோப்பியக் கிறித்தவத்தில் தொப்பியை எடுப்பதே ஆண்களின் வணக்கமுறையாயிற்று. தமிழகத்துக் கத்தோலிக்கர் பலர் காலணியை வெளியே விட்டுச் செல்வது மண்ணின் மரபைக் காட்டுகிறது. பள்ளத்தாக்கின் உழவரும் இம்மரபைக் கோயிலுக்கு வெளியே நெற்களத்திற்கு நீட்டித்துள்ளனர். தானியம் குவித்த களத்தில் செருப்புடன் ஏறுவது உழவர் மரபில் தவறாகக் கருதப்படுகிறது.

இடத்தைச் சார்ந்த நீக்கத்திலிருந்து வேறுபட்டது விரதத்தைச் சார்ந்த நீக்கம். குமுளி வழியாகச் சபரிமலை செல்லும் பாதையில் கம்பமும் கூடலூரும் அமைந்துள்ளன. கார்த்திகையில் மாலையணிந்தோர் ஒரு மண்டலக் காலம் காலணியைத் தவிர்க்கின்றனர். இங்கே புனித எல்லை கோயில் வாயிலோடு நிற்பதில்லை. விரதியின் உடலோடு தெருவெங்கும் நடக்கிறது. மாலையணிந்தவர் எவராயினும் 'சாமி' என்றே விளிக்கப்படுகிறார். வெறுங்கால் அவருக்கு இழிவைத் தருவதில்லை, மதிப்பையே உயர்த்துகிறது.

வற்புறுத்தப்பட்ட வெறுங்கால்

அதே தெருவில் மற்றொரு வெறுங்காலும் நடந்ததைத் தமிழகச் சமூக வரலாறு பதிவு செய்துள்ளது. 1930இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் குடை பிடித்தலும் செருப்பு அணிதலும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஜே. எச். ஹட்டன் இத்தடைகளைச் சாதி பற்றிய தம் நூலில் பதிவு செய்துள்ளார். இது பழங்கதையாக முடிந்துவிடவில்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து இராஜாவூரில் தலித் மக்கள் ஒரு தெருவில் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில்தான். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுத்தல் குற்றம் என்பதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகச் சேர்த்தது. வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுத்தலும் அதே பிரிவில் குற்றமாக வைக்கப்பட்டுள்ளது.

இவ்விரு குற்றங்களும் அருகருகே அமைந்திருப்பது பொருள் பொதிந்தது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலய நுழைவு நிகழ்ந்தது. அதற்கு முன் ஒடுக்கப்பட்ட மக்கள் தெருவில் காலணியைக் கழற்ற வேண்டியிருந்தது. காலணியைக் கழற்றி வணங்க வேண்டிய கோயிலுக்குள் செல்ல இயலாதிருந்தது. பணிவைக் காட்டும் கடமை அவர்கள் மீது சுமத்தப்பட்டது. பணிவு பொருள் பெறும் இடம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

பிரித்தறியும் அளவுகோல்கள்

இரண்டையும் 'மரியாதை' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது உலகவழக்கு. அச்சொல்லே தடையை நியாயப்படுத்தவும் பயன்பட்டது. எனவே பின்வரும் அளவுகோல்கள் தேவையாகின்றன.

முதலாவது, பொதுமை. வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்துவோர் எச்சாதியினராயினும் எந்நிலையினராயினும் வெறுங்காலுடனே வருகின்றனர். சாதித்தெருவில் ஒருவர் கழற்ற, மற்றவர் அணிந்தே நிற்கிறார். இரண்டாவது, எல்லை. வழிபாட்டு நீக்கத்திற்கு வாயில் உண்டு அல்லது விரத முடிவு உண்டு. சாதித்தடைக்கு இடத்தாலும் காலத்தாலும் முடிவில்லை. பிறப்போடு தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. மூன்றாவது, மீட்சி. வழிபட்டவர் திரும்பி வந்து தம் காலணியை அணியும்போது எவரும் அதனைக் குற்றமாகக் கருதுவதில்லை. தடைக்கு உட்பட்டவர் அணிவதே குற்றமாக்கப்படுகிறது.

பேச்சுவழக்கும் இவ்வேறுபாட்டிற்குத் துணைநிற்கிறது. கோயில் வாயிலில் 'செருப்பை விட்டுவிட்டு வா' என்பர். 'விடுதல்' திரும்ப எடுத்தலை உள்ளடக்கியது. விடுபவரே அதன் வினைமுதல். தெருவில் ஒலித்த 'செருப்பைக் கழற்று' என்னும் ஏவலில் வினை ஒருவருடையது, விருப்பம் மற்றொருவருடையது. இலக்கண நிலையில் முன்னது தன்வினையாகவும் பின்னது கருத்தளவில் பிறவினையாகவும் நிற்கின்றன.

முடிவுரை

காலணி நீக்கத்தைத் தோலின் தூய்மையின்மை கொண்டு விளக்குவது சங்கச் சான்றுகளோடும் கண்ணப்பர் வரலாற்றோடும் இன்றைய நடைமுறையோடும் பொருந்தவில்லை. அவ்விளக்கம் தோல்தொழில் புரிந்த மக்கள் மீதான இழிவையும் உடன் சுமந்து வருவதால் ஆய்வாளர் அதனை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். பணிவும் இடத்தின் புனிதமும் இணைந்த விளக்கமே கம்பம் பள்ளத்தாக்கின் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், மாட்டுத்தொழு, நெற்களம் ஆகிய அனைத்துக்கும் பொருந்துகிறது. அணியும் உரிமை உடையவர் தாமே கழற்றும்போதுதான் அது வழிபாடாகிறது. அணியும் உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் வெறுங்கால் பணிவின் அடையாளமாகாது. எனவே பொதுத்தெருவில் காலணி அணியும் உரிமையைக் காப்பது, கோயில் வாயிலில் அதனைக் கழற்றும் மரபின் பொருளைக் காப்பதுமாகும்.