கணினியுள் ஒரு நூலகம்

கற்க விழைவோர்க்கு முதற்கண் வேண்டுவது, நூல் இருக்குமிடம் அறிதல். டாக்டர் உ. வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் பயின்றார். பின்னர்ப் பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் கற்றார். நூலும் ஆசிரியரும் உள்ள ஊரை நாடி நடத்தலே அக்காலத்தில் கல்விக்கு வழி.

இன்று அவ்வூர் மாணவர் கணினியின்முன் அமர்கின்றனர். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் இருந்தது. இது சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. இத்தகைய லினக்ஸ் கணினியுள் நிரல்களும், அவற்றை விளக்கும் கையேடுகளும் ஒருங்கே அமைந்துள்ளன. ஆயினும், அவை எங்குள்ளன என்று அறியாதார்க்கு அவை இருந்தும் இல்லாதனவே.

அவற்றைத் தேடுமிடம் கட்டளை வரி. எழுத்தால் ஆணையிட்டு விடை பெறும் இடம் அது. கோப்பினுள் ஒரு சொல்லைத் தேடித் தரும் 'கிரெப்' என்னும் நிரலை எடுத்துக்கொள்வோம். 'விச்' என்று தட்டெழுதி, இடம் விட்டு, அந்நிரலின் பெயரைச் சேர்த்தால், அதன் இருப்பிடம் திரையில் தோன்றும். மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று முகவரி குறுகி வருதல் போல, பெரிய கோப்புறை முதலிலும், அதனுள் அடங்கிய சிறிய கோப்புறை அடுத்தும், நிரலின் பெயர் இறுதியிலும் நிற்கும். ஒரே பெயரில் இரு நிரல்கள் இருப்பின், ஆணையிட்டவுடன் இயங்குவது எது என்பதையும் இதனால் அறியலாம்.

'வேரீஸ்' என்னும் கட்டளை நிரலின் இடத்தோடு, அதன் கையேடு உள்ள இடத்தையும் காட்டும். 'மேன்' என்பதோ அக்கையேட்டையே திறந்து வைக்கும். நிரலின் பெயரே தெரியாதபோது, 'மேன்' என்பதனோடு சிறுகோடும் 'கே' என்னும் ஆங்கில எழுத்தும் இட்டுப் பொருட்சொல்லைத் தந்தால், தொடர்புடைய கையேடுகளின் பட்டியல் கிடைக்கும்.

நிரலோடு கையேட்டையும் வைக்கும் இம்மரபு பழமையானது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கையேடு 1971-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. லினக்ஸ் அம்மரபைப் பின்பற்றுகின்றது.

இணையத்தில் தேடினால் போதாதோ எனச் சிலர் வினவலாம். இணையத்தில் கிடைக்கும் விளக்கம் வேறொரு பதிப்பிற்கு உரியதாக இருத்தல் கூடும். கணினியுள் உள்ள கையேடோ பெரும்பாலும் அங்குள்ள நிரலோடு உடன்வந்தது. இணைய இணைப்பு இல்லாத சிற்றூரிலும் அது துணை நிற்கும். பெரும்பாலான கையேடுகள் ஆங்கிலத்தில் உள்ளமையால், தொடக்கத்தில் அகராதியின் உதவி வேண்டும். பயிலப் பயில அக்குறை நீங்கும்.

பிறரை வினவுதல் இழிவன்று. எனினும், தன்பால் உள்ள நூலைத் தானே தேடி ஓதிய பின் வினவுவோனே விடையின் முழுப் பயனையும் பெறுவான்.